பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி: எந்தப் பதிவைத் தேர்ந்தெடுப்பது?

இசைநடத்துநர் ஜான் எலியட் கார்டினர் 1992இல் பதிவுசெய்த ஒன்பதாவது சிம்பொனி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1989 கிறிஸ்துமஸ் அன்று பெர்லினில் நடத்திய கச்சேரியின் பதிவோ 78 நிமிடம் வரை ஓடுகிறது. இரண்டும் பீத்தோவன் எழுதிவைத்த ஒரே இசைப்படிவம்தான். இந்த 18 நிமிட வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்தால், அதில் ஏறத்தாழ 8 நிமிடம் மெதுவாக நகரும் மூன்றாம் பகுதியான அடாஜியோவில் மட்டுமே இருக்கிறது. அந்தப் பகுதியில் யாரும் பாடுவதில்லை. ஒன்பதாவது என்றாலே கோரஸ்தான் என்று எண்ணி, நேரே நான்காம் பகுதிக்குத் தாவி, ஊரறிந்த அந்த மெட்டைக் கேட்டுவிட்டுப் பதிவின் தரத்தை முடிவு செய்கிறவர்கள் நிறைய. அந்த மெட்டை மோசமாக வாசித்த பதிவைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

நான் முதலில் அடாஜியோவைத்தான் கேட்கிறேன். காரணம் நான்காம் பகுதியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பெரும் இரைச்சலோடு ஆரம்பித்தவுடன் தாழ்ந்த தந்தி வாத்தியங்களான செல்லோக்களும் டபுள் பேஸ்களும் மனிதக் குரல்போலப் பேசத் தொடங்குகின்றன. முதல் பகுதியின் சில வரிகள் திரும்பி வருகின்றன. செல்லோக்களும் பேஸ்களும் குறுக்கிட்டு மறுக்கின்றன. இரண்டாம் பகுதி எட்டிப் பார்க்கிறது, அதற்கும் மறுப்பு. அடாஜியோவின் இரண்டு வரி வரும்போது மட்டும் மறுப்பில் ஒரு தயக்கம் இருக்கும். பிறகு பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பாடகர் எழுந்து, "நண்பர்களே, இந்த ஒலிகள் வேண்டாம்" என்று அதையே சொல்லாகப் பாடுகிறார். அந்தத் தொடக்க வரிகள் பீத்தோவனே எழுதியவை. மற்றவை ஜெர்மன் கவிஞர் ஷில்லர் மகிழ்ச்சியைப் போற்றி 1785இல் எழுதிய கவிதையிலிருந்து எடுத்தவை. அடாஜியோவை விட்டு வெளியே வரக் கேட்பவருக்கே மனமில்லாதபோதுதான் அந்த "வேண்டாம்" உறைக்கும். ஏதோ கடமைக்கு வாசித்த அடாஜியோவை மறுத்தால் என்ன, மறுக்காவிட்டால் என்ன?

அதன்பின் பாஸ் பாடகரைப் பார்ப்பேன். இவ்வளவு நீளமான வாத்திய இசைக்குப் பிறகு வரும் முதல் மனிதக் குரல் அவருடையது. வாய் திறந்ததுமே சட்டாம்பிள்ளை போல அதட்டுகிறவர்கள் உண்டு. கோரஸின் சொற்கள் காதில் விழுகின்றனவா என்பதும் முக்கியம். உயர்ந்த பெண்குரல்களான சோப்ரானோக்கள் உச்சத்தில் நெடுநேரம் நின்று பாடவேண்டிய இடங்களில் சொற்கள் கரைந்து வெறும் கூச்சலாகிவிடும் பதிவுகள் ஏராளம். குறை பாடகர்களுடையது மட்டுமல்ல. பீத்தோவன் குரல்களை வாத்தியங்களைப்போலவே நடத்தினார்.

முன்னே போவதற்கு முன் வேகத்தைப் பற்றிய பழைய சண்டையைச் சொல்லியாகவேண்டும். இந்தச் சிம்பொனி 1824 மே 7 அன்று வியன்னாவின் கேர்ன்ட்னர்டோர் அரங்கில் முதலில் ஒலித்தது. அதற்கு இரண்டாண்டு கழித்து, பீத்தோவன் ஒவ்வொரு பகுதிக்கும் மெட்ரோனோம் எண்களை (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் கணக்கை) தன் தம்பி மகன் கார்லின் கையால் எழுதவைத்துப் பதிப்பாளருக்கு அனுப்பினார். முதல் பகுதிக்கு 88, அடாஜியோவுக்கு 60. இவற்றை அப்படியே பின்பற்றினால் அடாஜியோ 11, 12 நிமிடத்தில் முடிந்துவிடும். நூறாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான இசைநடத்துநர்கள் இந்த எண்களைக் கண்டும் காணாமல் கடந்தார்கள். காது கேளாத பீத்தோவன் மனத்துக்குள் கேட்ட வேகம் அது, மெட்ரோனோமே பழுது, கார்ல் தவறாக எழுதிவிட்டான் என்று பல சமாதானங்கள்.

1987இல் ரோஜர் நாரிங்டன் இந்தச் சமாதானங்களை ஒதுக்கிவிட்டு, பீத்தோவன் காலத்து வாத்தியங்களோடு, எண்களை எழுத்துக்கு எழுத்து மதித்து ஒரு பதிவு செய்தார். குடல்நரம்புத் தந்திகள், வால்வு இல்லாத ஹார்ன்கள், கெட்டியான குச்சியால் அடிக்கும் டிம்பனி முரசுகள். முதல் பகுதி மிரட்டுகிறது. பழைய பதிவுகளில் மேகமூட்டமாக இருந்த இடங்களில் ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரிகிறது. ஆனால் அடாஜியோ காலை நடைபோலப் போய்விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், எண்களை நம்பியதால் ஓரிடத்தில் மிகவும் மெதுவாகப் போகவேண்டியும் வந்தது. நான்காம் பகுதியில் உயர்ந்த ஆண்குரலான டெனர் பாடும் துருக்கிய அணிவகுப்புக்கு எழுதியிருக்கும் எண் 84. பெரும்பாலோர் அதைவிடத் துள்ளலாகத்தான் எடுப்பார்கள். நாரிங்டன் 84ஐ விடவில்லை. வெற்றிக்கு ஓடும் வீரன் என்கிறது கவிதை; இந்த வீரனுக்கோ அவசரமே இல்லை. கொள்கைக்காக ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்காக இதைக் கேட்கலாம். வீட்டில் இருக்கும் ஒரே பதிவாக இதை வைத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய வாத்தியங்களோடுதான் வேண்டும் என்றால் கார்டினரே மேல். அவருடைய மான்டெவெர்டி கோரஸ் சிறியது, பயிற்சி மிக்கது. குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் வேகமான ஃபியூக்கிலும் சொற்கள் தெறித்து விழுகின்றன. அணிவகுப்பைக் கார்டினர் விரைவாக எடுப்பதால் அதைத் தொடரும் வாத்தியப் போர் உண்மையிலேயே போராக இருக்கிறது. சுருதி இன்றைய வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தது என்பதால் சோப்ரானோக்களின் குரலில் கதறல் குறைகிறது. அடாஜியோ இங்கேயும் 12 நிமிடம்தான். ஆனால் தந்திகள் மூச்சுவிட்டு வாசிப்பதால் அவசரம் தெரிவதில்லை. ஒரு பாடலாகக் கேட்கிறது, தியானமாகக் கேட்கவில்லை. தியானம்தான் வேண்டும் என்பவர்கள் அடுத்த பெயருக்குப் போகவேண்டும்.

வில்ஹெல்ம் ஃபூர்ட்வாங்லர் ஒன்பதாவதை நடத்திய பல கச்சேரிகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மூன்றைப் பற்றித்தான் இன்றும் வாதம் நடக்கிறது. 1942 மார்ச்சில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு நடந்தது முதலாவது. போர்க்கால பெர்லின், ஒலிநாடாக்கள் போருக்குப் பின் சோவியத் கைக்குப் போய், அங்கிருந்துதான் உலகம் அவற்றை இசைத்தட்டாகக் கேட்டது. முதல் பகுதியின் நடுவில் தொடக்கக் கருத்து திரும்பி வரும் இடத்தில் டிம்பனி இடிக்கிற இடி, ஒலிவாங்கியின் தாங்குசக்தியைத் தாண்டிப்போய் உடைந்து கேட்கிறது. அந்த உடைசலே பதிவின் பொருளாகிவிட்டது என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் ஏற்கிறது. ஆனால் அந்தப் பகுதியை வேறு யாரும் இவ்வளவு பயங்கரமாக வாசித்ததில்லை என்பதை மறுக்கமாட்டேன். அடுத்த மாதமே ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் இதே நடத்துநர் இதே சிம்பொனியை நடத்தினார். முடிவில் கோயபல்ஸ் மேடையருகே வந்து கைகுலுக்கும் காட்சி படச்சுருளில் இருக்கிறது. எல்லா மனிதரும் சகோதரராவர் என்று கோரஸ் பாடி முடித்த கையோடு அந்தக் கைகுலுக்கல். மார்ச் பதிவு வேறு, ஏப்ரல் கச்சேரி வேறு என்று தெரிந்தும், ஒன்றைக் கேட்கும்போது மற்றது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. இதை விலக்கிவைப்பவர்களோடு நான் வாதாடமாட்டேன்.

இரண்டாவது, 1951 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் பைரோய்ட் இசை விழா போருக்குப் பின் மீண்டும் தொடங்கிய நாளின் கச்சேரி. பல விமர்சகர்களின் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். அடாஜியோ 19 நிமிடத்தையும் தாண்டுகிறது. அதில் ஒரு நொடிகூடத் தேங்கவில்லை. ஒரு வரியின் முடிவு அடுத்த வரிக்குள் எப்படி நுழைகிறது என்பதைக் காட்டிக்கொண்டே போகிறார். மெட்டு முதன்முதலில் தாழ்ந்த தந்திகளில் வருவதற்கு முன் அவர் விடும் மௌனம் நீளமானது. அதன்பின் மெட்டு தொலைவிலிருந்து வருவதுபோல ஒலிக்கிறது. பாஸ் ஓட்டோ எடெல்மான். சோப்ரானோ எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப். கடைசி இசைவரிகளில் ஃபூர்ட்வாங்லர் முடுக்கும் வேகத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா ஈடுகொடுக்க முடியாமல் கலைந்துபோகிறது. ஸ்டுடியோவில் இப்படி நடந்திருந்தால் மறுபடி எடுத்திருப்பார்கள். நல்லவேளை, எடுக்கவில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபூர்ட்வாங்லர் 1954இல் இறந்தபின் இஎம்ஐ நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டும், பவேரிய வானொலியின் நாடாவிலிருந்து பின்னாளில் ஓர்ஃபியோ வெளியிட்ட குறுந்தகடும் பல இடங்களில் ஒன்றல்ல. ஒத்திகையிலிருந்து எவ்வளவு வெட்டி ஒட்டினார்கள் என்ற ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. ஸ்வீடன் வானொலி அன்று ஒலிபரப்பியதன் நாடாவை 2021இல் பிஸ் நிறுவனம் வெளியிட்டது. கேட்பவருக்கு என் ஆலோசனை: இஎம்ஐ பதிப்பை எடுங்கள், மகிழ்ச்சியாக இருங்கள். ஆராய்ச்சி பிறகு வரட்டும். குறுந்தகட்டின் 74 நிமிட அளவே இந்தப் பதிவு ஒரே தட்டில் அடங்குவதற்காகத்தான் வைக்கப்பட்டது என்று ஒரு கதை உலவுகிறது. அதன் உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர் ஒருவரே அதை மறுத்திருக்கிறார். கதை நன்றாக இருப்பதால் சாகமாட்டேன் என்கிறது.

மூன்றாவது 1954 ஆகஸ்டில் லூசர்னில் ஃபில்ஹார்மோனியாவோடு நடந்தது. சாவதற்கு மூன்று மாதம் முன்பு. ஒலி மற்ற இரண்டையும்விடத் தெளிவு. கோபம் தணிந்த வாசிப்பு. 1942 தாங்காது, 1951இன் கடைசிக் கலைசல் பிடிக்காது என்பவர்களுக்கு இது பொருந்தும்.

ஃபூர்ட்வாங்லரின் நேர் எதிர்முனையில் டாஸ்கனினியை நிறுத்துவது வழக்கம். நியூயார்க்கின் கார்னகி ஹாலில் 1952இல், 85 வயதில், என்பிசி ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்த பதிவு. இசைப்படிவத்தில் எழுதியிருப்பது மட்டும், குழைவு இல்லாமல். அடாஜியோவில்கூட மூச்சுத் திணறல் இல்லாமல் பாடவைக்கிறார். அவர் கடுமையானவர் என்ற பேரை நம்பி வருகிறவர்களுக்கு அந்த இடம் வியப்பாக இருக்கும். கோரஸைத் தயாரித்தவர் ராபர்ட் ஷா. அதே ஷா சில ஆண்டுகளில் கிளீவ்லாந்துக்குப் போய், ஜார்ஜ் செல் 1961இல் பதிவுசெய்த ஒன்பதாவதற்கும் கோரஸைப் பழக்கினார். டாஸ்கனினியின் கட்டுக்கோப்பை ஸ்டீரியோ ஒலியில் வேண்டுமென்றால் செல்தான். முதல் பகுதி ஒரு கணித நிரூபணம் மாதிரி இறுக்கமானது. தனிப்பாடகர்கள் சுமார். குளிர்ச்சியான பதிவு என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை எழுதியவர்கள் இரண்டாம் பகுதியைக் கேட்கவில்லை போலும்.

இப்போது கராயன். எந்தக் கடையிலும் எந்த இசைச் செயலியிலும் முதலில் கைக்கு அகப்படுவது அவர்தான். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு மட்டும் மூன்று ஸ்டுடியோப் பதிவுகள்: 1962, 1970களின் பிற்பகுதி, 1983. இதில் 1962ஐ மட்டும் கவனித்தால் போதும். பெர்லின் டாலெம் பகுதியிலுள்ள இயேசு கிறிஸ்து தேவாலயத்தின் அறையொலி, 25 வயது குண்டுலா யானோவிட்சின் வெள்ளிக் குரல், வால்டர் பெரியின் அதட்டாத பாஸ், மொத்தம் 67 நிமிடத்தை ஒட்டிய இறுக்கமான நடை. ஒன்பது சிம்பொனிகளையும் ஒரே பெட்டியாக, சந்தா முறையில் விற்றுப் பெரும் வெற்றி கண்ட தொகுப்பின் முடிமணி இது. எனக்கிருக்கும் மனத்தாங்கல் கோரஸைப் பற்றியது. வியன்னா சிங்ஃபெரைன் பின்னால் திரைக்கு அப்பால் பாடுவதுபோல இருக்கிறது. அழகு உண்டு, சொல் இல்லை. அடாஜியோவும் பளிங்குபோல வழவழப்பு. அதை மறுக்கும்போது வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கவில்லை. 1970களின் பதிவில் யோசே வான் டாம் பாடும் பாஸ் மேலானது, மற்றதெல்லாம் 1962க்குக் கீழே. 1983 பதிவில் ஆரம்பகால டிஜிட்டல் ஒலி காதில் அறைகிறது. கராயன் ரசிகர்களுக்கு மட்டும்.

ஆட்டோ க்ளெம்பெரரின் 1957 பதிவு கல்லால் கட்டியது. இரண்டாம் பகுதியை இவ்வளவு நிதானமாக எடுத்து அதற்குள்ளிருக்கும் மரவாத்தியங்களையெல்லாம் வெளிக்கொண்டுவந்தவர் வேறில்லை. அதேசமயம் ஹான்ஸ் ஹாட்டரின் குரல் அன்று ஆட்டம்கண்டிருந்தது. கார்ல் போமின் 1980 பதிவு 79 நிமிடம். ஜெஸ்ஸி நார்மனும் பிளாசிடோ டொமிங்கோவும் இருந்தும் நகரமறுக்கும் பதிவு. போமை விரும்புபவர்கள் 1970ஆம் ஆண்டு வியன்னா பதிவுக்குப் போகலாம்.

பெர்ன்ஸ்டைனின் 1989 கச்சேரியை இசையாக மட்டும் மதிப்பிடுவது அநியாயம் என்பார்கள். நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. டிசம்பர் 23 மேற்கு பெர்லினிலும், 25 காலை கிழக்கு பெர்லினின் ஷௌஷ்பீல்ஹௌஸ் அரங்கிலும் கச்சேரி. பவேரிய வானொலி ஆர்க்கெஸ்ட்ராவோடு டிரெஸ்டன், லெனின்கிராட், லண்டன், நியூயார்க், பாரிஸ் வாத்தியக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஷில்லரின் "மகிழ்ச்சி" வரும் இடங்களிலெல்லாம் "விடுதலை" என்று பாடவைத்தார் பெர்ன்ஸ்டைன். காணொளியாகப் பார்த்தால் பாடகர்களின் முகங்களே போதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், 20 நிமிட அடாஜியோ சில இடங்களில் தன் எடையாலேயே தொய்கிறது, ஆர்க்கெஸ்ட்ராவின் பல வர்ணங்கள் ஒன்றோடொன்று முழுவதும் கலக்கவில்லை. ஆவணமாக வைத்துக்கொள்ள வேண்டியது. முதல் பதிவாக அல்ல.

அப்படியானால் முதல் பதிவு எது? ஃபெரென்ச் ஃப்ரிச்சாய், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1957–58. கராயனின் அதே ஆர்க்கெஸ்ட்ரா, அதே தேவாலயம், நான்கைந்து ஆண்டு முன்பு. ஹங்கேரியரான ஃப்ரிச்சாய் நோயில் வாடி 1963இல் 48 வயதில் இறந்துபோனார். அதனால் அவர் பெயர் பின்னுக்குப் போய்விட்டது, விளம்பரம் எல்லாம் கராயனுக்குப் போயிற்று. அவருடைய அடாஜியோ ஃபூர்ட்வாங்லரின் வழியில் நிதானமானது. ஆனால் இழைகள் தனித்தனியாகத் தெரியும் தெளிவு டாஸ்கனினியின் பக்கத்தைச் சேர்ந்தது. முரண்பட்ட இரண்டு குணமும் ஒரே கையில் சேர்ந்து நான் வேறெங்கும் கேட்டதில்லை. பாஸ் இடத்தில் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ. பாரம்பரியமான கனத்த குரல் அல்ல. லீடர் எனும் ஜெர்மன் கவிதைப் பாடல்களைப் பாடுகிறவர் சொற்களை எடைபோட்டுச் சொல்வதுபோல அந்த "நண்பர்களே" விழுகிறது. கட்டளையாக இல்லாமல் வேண்டுகோளாக. டெனர் எர்ன்ஸ்ட் ஹேஃப்லிகர், ஆல்டோ மோரீன் ஃபாரெஸ்டர், சோப்ரானோ இர்ம்கார்ட் ஸீஃப்ரீட். நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுப் பாடுகிறார்கள். கடைசி நால்வர் பாடலில் சோப்ரானோ உச்சத்துக்கு ஏறும்போது மற்ற மூவரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவது அரிது. இதில் தெரிகிறது. ஒலி ஆரம்பகால ஸ்டீரியோ. உச்சத்தில் கொஞ்சம் நெரிசல். அதற்குமேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

புதிய ஒலிதான் வேண்டும், 1950களின் சலசலப்பு ஆகாது என்பவர்களுக்கு ஒஸ்மோ வான்ஸ்கா மினசோட்டா ஆர்க்கெஸ்ட்ராவோடு 2006இல் செய்த பதிவைச் சொல்வேன். இன்றைய வாத்தியங்கள், பழைய வாத்தியக்காரர்களிடம் கற்ற சுறுசுறுப்பு. தொடக்கத்தில் வயலின்கள் கிசுகிசுக்கும், ச–ப போல ஒலிக்கும் அந்த வெற்று ஐந்தாம் இடைவெளி கேட்கும் எல்லையில் நிற்கும். ஜோனதன் டெல் மார் பழைய கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுத் திருத்தி 1996இல் வெளிவந்த பேரன்ரைட்டர் இசைப்படிவப் பதிப்பின் திருத்தங்களை ஆவலோடு கேட்க நினைப்பவர்களுக்கு, சூரிச் டோன்ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவோடு டேவிட் ஜின்மன் செய்த 1998ஆம் ஆண்டுப் பதிவு மலிவு விலையில் கிடைத்தது. இப்போது செயலிகளில் உண்டு. லைப்சிக்கில் ரிகார்டோ சாய்லி நடத்தியது இதே வேக வழியில் இன்னும் கனமான ஆர்க்கெஸ்ட்ராவோடு. மூன்றும் நல்லவை, மூன்றிலும் அடாஜியோ எனக்குச் சற்றே சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

செயலியில் தேடும்போது சில எச்சரிக்கைகள். ஃபூர்ட்வாங்லர் என்று தட்டினால் ஒரே கச்சேரி பத்துப் பெயரில், பத்து அட்டைப் படத்தோடு வரும். ஆண்டே தவறாக இருக்கும். ஊர், ஆண்டு, பாடகர் பெயர்கள் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்தபின் கேளுங்கள். நான்காம் பகுதியைப் பல துண்டுகளாக வெட்டியிருக்கும் பதிப்புகளில் துண்டுகளுக்கிடையே ஒரு நொடி இடைவெளி விழும் அபாயம் உண்டு. அணிவகுப்புக்கு முன் வரும் அந்த பிரமாண்டமான நிறுத்தத்துக்குப் பின் தவறான இடைவெளி வந்தால் எல்லாம் கெட்டுவிடும். செயலியின் அமைப்பில் இடைவெளியில்லாமல் ஓடவைக்கும் வசதியை முன்பே போட்டுவிடுங்கள். ஓடும் பஸ்ஸில் காதுக்கருவியில் கேட்பதாயிருந்தால் எந்தப் பதிவும் ஒன்றுதான்: தொடக்கத்தின் கிசுகிசுப்பு எஞ்சின் சத்தத்தில் மூழ்கும், ஒலியைக் கூட்டினால் கோரஸ் செவிப்பறையைக் கிழிக்கும்.

வீட்டில், ஓரளவு நல்ல ஸ்பீக்கரில், ஒரு மணி நேரத்துக்குமேல் யாரும் கூப்பிடாத நேரத்தில் முதலில் ஃப்ரிச்சாய். சில வாரம் கழித்து கார்டினர்; வேகம் என்ற ஒன்றே இவ்வளவு மாற்றுமா என்று அப்போதுதான் புரியும். 1951 பைரோய்ட்டை அதற்குப் பிறகு வையுங்கள். அதை முதலிலேயே கேட்டுவிட்டால் மற்றவர்களுக்கு நியாயம் செய்வது கடினம்.